மெசபடோமியா பேய்ப் பெட்டி: 890 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது, எதை மாற்ற வேண்டும்

கோவையில் பள்ளிக்கூடங்களுக்குக் கைவினைச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் இந்தப் பெட்டி விற்கிறது. மேலட்டையில் மண்டையோட்டுப் படம். அதற்குக் கீழே சிவப்பெழுத்தில் ‘பழைய பாபிலோனியரின் பேய் விரட்டும் பெட்டி’. விலை 890 ரூபாய். பிரித்தால் காற்றுப் புகாத பையில் ஒன்றரைக் கிலோ களிமண், ஒரு பிளாஸ்டிக் எழுத்தாணி, ஆண் பெண் உருவங்களுக்கு இரண்டு சுண்ண அச்சுகள், சுட்ட மண் குழாய் ஒன்று, இரண்டு சிறு சிவப்புக் கிண்ணங்கள், 48 பக்கத் தமிழ்க் கையேடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். களிமண் நல்ல தரம். அச்சுகள் சுத்தம். எழுத்தாணி எதற்கும் உதவாது. கையேட்டில் பாதிக்கு மேல் அருமையாக இருக்கிறது, சில பக்கங்கள் தப்பு. எழுத்தாணியை மட்டும் மாற்றிக்கொண்டால் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

மேலட்டைதான் பெரிய குறை. மண்டையோட்டைப் பார்த்துப் பயங்காட்டும் விளையாட்டு என்று நினைத்து வாங்குவார்கள், இல்லை வாங்காமலே போவார்கள். இரண்டுமே நஷ்டம். பாபிலோன் இருந்த மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், செத்தவர் எல்லோருமே பேய்தான். சுமேரிய மொழியில் கிடிம், அக்காடியத்தில் எட்டெம்மு. நல்லவர் கெட்டவர் என்று அதில் பிரிவு இல்லை. அத்ரகாசிஸ் காவியத்தில் தெய்வங்கள் மனிதனைப் படைக்கும்போது, கொன்ற ஒரு தெய்வத்தின் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணோடு பிசைகிறார்கள். அந்தத் தெய்வத்தின் சதையிலிருந்து வந்ததுதான் மனிதனுக்குள் இருக்கும் எட்டெம்மு. செத்த பிறகு அது மண்ணுக்கு அடியில் எரெஷ்கிகல் என்னும் பெண் தெய்வம் ஆளும் உலகத்துக்குப் போகும். அங்கே வெளிச்சம் கிடையாது. புழுதிதான் சோறு, களிமண்தான் ரொட்டி. ஆகவே மேலே இருக்கும் பிள்ளைகள் சோறும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பேய் தன் இடத்தில் இருக்கும், குடும்பத்துக்கு நல்லதும் செய்யும். கொடுக்காவிட்டால்தான் மேலே வரும். பேய் விரட்டும் மந்திரங்களெல்லாம் இந்த ஏற்பாடு எங்கோ அறுந்துபோன இடத்தில் வருபவை. அட்டையில் ‘பேய்க்குச் சோறு போடும் பெட்டி’ என்று போட்டிருந்தால் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். கொங்கு நாட்டில் அதைப் படித்து யாரும் மிரளவும் மாட்டார்கள். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் ஊர் இது.

இனி களிமண் வேலை. அவர்கள் ஈரக் களிமண் பலகையில் எழுத்தாணியை அழுத்தி எழுதினார்கள். ஒவ்வொரு பதிவும் ஆப்பு வடிவில் இருப்பதால் அதற்கு ஆப்பெழுத்து என்று பெயர். பெட்டியில் வரும் மண் குளத்து வண்டலைச் சலித்துப் பக்குவப்படுத்தியது. நாற்றமில்லை, கல் இல்லை. பையைப் பிரித்ததும் எழுத ஆரம்பிக்கக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து விரல் தடிமனுக்கு உருட்டி, சுட்டுவிரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் ஈரம் போதாது, நனைந்த துணியில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். விரலில் ஒட்டினால் ஈரம் ஜாஸ்தி, செங்கல் மேல் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள், செங்கல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பதம் முறுக்கு மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். மண் இளகலாக இருந்தால் எழுத்தாணியை எடுக்கும்போது ஆப்பின் ஓரம் பிசிராகத் தூக்கிக்கொண்டு வரும். பிசிரை விரலால் தடவினால் எழுத்தே அடைந்துவிடும். காய்ந்த பிறகு தூரிகையால் தட்டிவிடுவதே வழி.

நீளம் 8 சென்டிமீட்டர், அகலம் 6, தடிமன் 2. இந்த அளவுப் பலகைக்குக் கால் கிலோவுக்குள் மண் போதும். தடிமன் இரண்டரையைத் தாண்டினால் உள்ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். முன்பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாகவும் பின்பக்கம் லேசாகப் புடைத்தும் இருப்பது பழைய பலகைகளின் வாகு. கையேட்டில் இரண்டு பக்கமும் தட்டையாகப் படம் போட்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான தப்பு, பலகையைப் புத்தகத் தாள் மாதிரி பக்கவாட்டில் புரட்டச் சொல்வது. அந்தக் காலத்து எழுத்தர் கீழ் விளிம்பைப் பிடித்து மேலாகப் புரட்டுவார். முன்பக்கக் கடைசி வரியிலிருந்து கீழ் விளிம்பில் தொடர்ந்து, அப்படியே பின்பக்கம் போவார். கையேடு சொல்கிறபடி செய்தால் பின்பக்க எழுத்து தலைகீழாக நிற்கும்.

எழுத்தாணிக்கு வருவோம். பெட்டியில் கொடுத்திருப்பது முக்கோண முனை கொண்ட பிளாஸ்டிக் குச்சி. அதை நேராகக் குத்தினால் முக்கோணக் குழி விழும், ஆப்பெழுத்து விழாது. ஆப்பு என்பது ஒரு செங்கோண மூலையைச் சாய்த்து அழுத்தும்போது வருவது. மூலை பதியும் இடத்தில் ஆழமான தலை, விளிம்பு பதியும் இடத்தில் மெலிந்துகொண்டே போகும் வால். முக்கோணக் குச்சியில் விளிம்பே இல்லாததால் வால் வராது. குழந்தைகள் வாலை இழுத்துக் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள், மண் கிழியும்.

மாற்று வழி எளிது. அவர்கள் நாணல் தட்டையைச் சீவி எழுதினார்கள். நொய்யல், பவானி ஓரங்களில் நாணலுக்கும் கொறுக்கைக்கும் பஞ்சமில்லை. நன்றாகக் காய்ந்த தட்டையை 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, 8 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிளந்து, நுனியைக் குறுக்காக நேராகச் சீவுங்கள். மூலை மழுங்காமல் கூர்மையாக நிற்க வேண்டும். 220 நம்பர் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புப் போதும். தட்டை கிடைக்காவிட்டால் மூங்கில் பத்தை, அதுவும் இல்லாவிட்டால் சைனீஸ் கடையில் தரும் சதுர முனை மூங்கில் குச்சி. வேலையைப் பொறுத்தவரை பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக்கைவிட இவை எல்லாமே மேல். குச்சியைச் சாய்வாகப் பிடித்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கையைத் திருப்புவதற்குப் பதில் இடது கையில் இருக்கும் பலகையைத் திருப்புங்கள். ஆப்பின் தலை பொதுவாக மேலே இருக்கும், அல்லது இடது பக்கம் இருக்கும். எழுத்து இடமிருந்து வலம் ஓடும். வரி கோணாமலிருக்க நூலை நீட்டி மண்ணில் அழுத்திக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

கையேட்டில் நாங்கள் மனதாரப் பாராட்டும் பகுதி அசை அட்டவணை. தமிழ்ப் பெயர்களை ஆப்பெழுத்தில் எழுத அசை பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மாரி என்றால் ம, ரி. முத்து என்றால் மு, உத், து. ஒகரத்துக்குத் தனி எழுத்து இல்லாததால் பொன்னியை பு, உன், நி என்று எழுத வேண்டும் என்பதையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ழகரத்துக்கு வழியே இல்லை, லகரம் போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான். இது வெறும் விளையாட்டு இல்லை. செத்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்வதுதான் அவர்கள் வழிபாட்டின் மையம். அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டி பெயரை எழுதிப் பார்ப்பது விஷயத்தோடு பொருந்தியிருக்கிறது.

காயவைப்பதில்தான் பாதிப் பேருக்குக் கெட்டுப்போகும், காரணம் நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பலகையின் மேல்தோலை ஒரே நாளில் உலர்த்திவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது, நடுவில் பிளவு விடும். எழுதி முடித்ததும் ஈரச் சாக்கைப் பிழிந்து மேலே போட்டு, காற்றோட்டமில்லாத மூலையில் மரப்பலகை மேல் வையுங்கள். தரையில் நேராக வைத்தால் அடிப்பக்கம் காயாமல் வளைந்துபோகும். காலையும் மாலையும் புரட்டிப் போடுங்கள். மூன்றாம் நாள் சாக்கை எடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் நிறம் வெளுத்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியாது. அதுதான் அறிகுறி. மின்விசிறிக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ காயவைக்கவே வேண்டாம்.

சுடுவது அவசியமில்லை. அங்கே கிடைத்த பலகைகளில் பெரும்பாலானவை வெறுமனே காயவைத்தவை. கி.மு. 612இல் அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது நூலகத்தில் இருந்த பலகைகள் பல அந்தத் தீயிலேயே சுட்டுக்கொண்டன. சுட்டே தீர வேண்டும் என்றால் பக்கத்துக் குயவர் சூளையில் கொடுங்கள். கேஸ் அடுப்பில் வைத்தால் உள்ஈரம் ஆவியாகி வெடித்துச் சில்லு தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. அச்சில் எடுக்கும் உருவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்று மணல் சேர்த்து, அச்சிலிருந்து எடுத்ததும் முதுகுப் பக்கத்தைக் குடைந்து சுவரை ஒன்றரைச் சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அச்சுக்குள் மண்ணை வைக்கும் முன் மூக்குப் பொடி அளவு கோலமாவு தூவினால் ஒட்டாமல் வரும். எண்ணெய் தடவினால் சுண்ண அச்சு அடுத்த முறைக்கு ஆகாது.

இந்த ஆண் பெண் அச்சுகள் எதற்கு என்பதைக் கையேடு நன்றாகவே விளக்குகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பாபிலோனியப் பலகை இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடுகளில் ஓர் ஓவியம். தாடி வைத்த ஆண் பேய் கைகளை முன்னே நீட்டி நிற்கிறது, கை கயிற்றால் கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஒரு பெண் முன்னே நடக்கிறாள். அங்கே காப்பாளராக இருக்கும் இர்விங் ஃபிங்கல் இந்த ஓவியத்தை 2021இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பலகையில் உள்ள முறை இது: ஓர் ஆண் உருவமும் ஒரு பெண் உருவமும் செய். ஆணுக்கு அன்றாட உடை உடுத்தி வழிச்சாப்பாடு கொடு. பெண்ணுக்குச் சிவப்பு ஆடைகளும் ஊதாத் துணியும் உடுத்து, கட்டில், நாற்காலி, பாய், சீப்பு எல்லாம் சீராகக் கொடு. சூரியன் உதிக்கும்போது இரண்டு சிவப்புக்கல் பாத்திரங்களில் பியர் ஊற்றி, தூபம் போட்டு, சூரிய தெய்வம் ஷமாஷை அழைத்துச் சொல். முடிவில் திரும்பிப் பார்க்காதே. தனிமையில் தவிக்கும் பேய்க்குத் துணை கொடுத்து, சீரும் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். அடிப்பதோ சாட்டை சுழற்றுவதோ இதில் இல்லை. ஷமாஷை ஏன் அழைக்கிறார்கள்? பகலில் மேலே, இரவில் பூமிக்கு அடியில் என்று இரண்டு உலகத்தையும் பார்ப்பவர் அவர், நீதிபதியும் அவரே.

அந்தச் சிவப்புக்கல் நம் வட்டாரத்துக்கும் தெரிந்த கல்தான். சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் நடந்த அகழாய்வில் அதே கல்லில் மணி கோத்தவர்களின் பட்டறைகள் வெளிப்பட்டன. பெட்டியில் இருப்பது சிவப்புப் பிளாஸ்டிக் கிண்ணம். இந்த விலைக்கு வேறு எதிர்பார்க்க முடியாது, ஆனால் மண்ணிலேயே கிண்ணம் செய்யும் அச்சு கொடுத்திருக்கலாம். பியருக்குப் பதில் கையேடு சொல்லும் கம்பங்கூழ்த் தண்ணீர் நல்ல யோசனை, அவர்கள் பியரும் தானியத்தைப் புளிக்க வைத்ததே.

மண் குழாய்தான் பெட்டியிலேயே சிறந்த பொருள். 12 சென்டிமீட்டர் நீளம், நன்றாகச் சுட்டது. செத்தவருக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கும் சடங்குக்கு கிஸ்பு என்று பெயர். புதைத்த இடத்தில் இறங்கும் குழாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். மெசபடோமியாவில் ‘ஊர்’ என்ற பெயருள்ள நகரத்தில் வீட்டுத் தரைக்கு அடியிலேயே குடும்பக் கல்லறைகள் இருந்தன, மேலே வாழ்பவர்கள் கீழே இருப்பவர்களை நாள் தவறாமல் நினைக்க வேண்டியிருந்தது. நிலா மறையும் மாதக் கடைசி அதற்குரிய நாள். ஐந்தாம் மாதமான அபு, நம் ஜூலை ஆகஸ்ட், பேய்கள் மேலே வரும் மாதம். ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையிலும் பேரூரிலும் கூடும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மனம் நிற்கும். தொட்டி மண்ணில் குழாயை முக்கால் பாகம் இறக்கி, அடியில் ஒரு பிடி மணல் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெறும் களிமண்ணில் இறக்கினால் தண்ணீர் உறிஞ்சாமல் மேலேயே நிற்கும்.

இந்த இடத்தில் கையேட்டில் இல்லாத, இருந்தே ஆக வேண்டிய ஒரு பலகை உண்டு. பாபிலோனின் புகழ்பெற்ற அரசன் ஹம்முராபியின் எள்ளுப்பேரன் அம்மிசதூக்கா, கி.மு. 17ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்டவன். அவனுடைய கிஸ்புப் பலகை முன்னோர் பெயர்களை வரிசையாக அழைக்கிறது. பிறகு போரில் விழுந்த வீரர்களை அழைக்கிறது. இளவரசர், இளவரசியரை அழைக்கிறது. கடைசியில், கிழக்கிலிருந்து மேற்குவரை, கவனிக்க ஆளில்லாத எல்லோரும் வாருங்கள், இதை உண்ணுங்கள், இதைக் குடியுங்கள், அம்மிசதூக்காவை வாழ்த்துங்கள் என்கிறது. பங்காளி இல்லாத பேய்க்கும் அரசன் வீட்டுச் சோற்றில் பங்கு. மெசபடோமியப் பேய் நம்பிக்கையில் இதைவிட மனதைத் தொடும் வரி வேறில்லை என்பது எங்கள் கருத்து. இதை விட்டுவிட்டு, செத்தவர்களை எழுப்பி உயிரோடு இருப்பவர்களைத் தின்ன வைப்பேன் என்று பெண் தெய்வம் இஷ்தார் மிரட்டும் வரிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பழங்கதையின் நாயகனான அரசன் கில்கமேஷுக்கு, அவனுடைய செத்துப்போன தோழன் எங்கிடுவின் பேய் கீழுலகத்தைப் பற்றிச் சொல்லும் கணக்கையும் சேர்த்திருக்கலாம். ஒரு மகன் உள்ளவன் அழுதுகொண்டிருக்கிறான். இரண்டு மகன் உள்ளவன் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். ஏழு மகன் உள்ளவன் சிறு தெய்வங்களோடு அமர்ந்திருக்கிறான். படைக்க ஆளில்லாதவன் பானை வழிப்பையும் தெருவில் எறிந்த மிச்சத்தையும் தின்கிறான். பிறக்கும்போதே இறந்த குழந்தைகள் பொன் வெள்ளி மேசையில் தேனும் நெய்யுமாக விளையாடுகின்றன. தீயில் எரிந்து செத்தவனின் பேய் அங்கே இல்லவே இல்லை, புகையாக வானத்துக்குப் போய்விட்டது. படையல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எதிரிகளும் தெரிந்து வைத்திருந்தார்கள். அசீரிய அரசன் அஷூர்பானிபால் எதிரி நாடான ஈலாமின் சூசா நகரைச் சூறையாடியபோது அரசர்களின் கல்லறையை உடைத்து எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் பேய்களுக்கு உறக்கமில்லாமல் செய்தேன், சோறும் தண்ணீரும் கிடைக்காமல் செய்தேன் என்று எழுதியும் வைத்தான்.

கையேட்டின் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பசூசுவைப் பேய் அரசன் என்று போட்டிருப்பது தப்பு. பசூசு செத்த மனிதன் இல்லை, காற்றுப் பூதங்களின் தலைவன். பச்சைக் குழந்தைகளைத் தாக்கும் லமாஷ்டுவை விரட்ட அவன் தலையைத் தாயத்தாகக் கட்டினார்கள். 41ஆம் பக்கத்தில் ‘சுமேரியர் தமிழரே’ என்று ஒரு கட்டுரை. சுமேரிய மொழி வேறெந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனி மொழி. ஆடி மாத ஒற்றுமையையும் இதற்குச் சாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். பள்ளியில் பயன்படுத்துகிறவர்கள் அந்தத் தாளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நோய்ப் பக்கத்தில் இருக்கும் செய்தி சரி: தலைவலி, கழுத்து வலி, காதிரைச்சல் ஆகியவற்றை ‘பேயின் கை’ என்று குறித்து, ஆஷிபு என்னும் மந்திரவாதி தூபமும் களிம்பும் தாயத்தும் கொடுத்தார். நோயாளியைச் சுற்றி மாவால் வட்டம் போட்டார். ஆனால் தூபச் செய்முறையை ‘வீட்டில் செய்து பாருங்கள்’ தலைப்பில் கொடுத்திருக்கக் கூடாது. காதில் இரைச்சல் கேட்கும் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், புகை போட வேண்டாம்.

ஒரு பலகை, இரண்டு உருவங்கள் செய்த பிறகும் மண் மிஞ்சும். அதில் நாய் செய்யச் சொல்லுங்கள். நினிவே அரண்மனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஐந்து மண் நாய்கள் கிடைத்தன. கெட்டது உள்ளே வராமல் காவலுக்கு வைத்தவை. ஒவ்வொன்றின் உடம்பிலும் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்றின் பெயர் ‘யோசிக்காதே, கடி’. இன்னொன்று ‘குரைப்பு பலமானது’. வாலைத் தனியாக ஒட்டினால் காய்ந்ததும் உதிரும், உடம்பிலிருந்தே இழுத்து முதுகோடு சேர்த்து வளையுங்கள். நான்கு காலையும் தனித்தனியாகச் செய்யாமல் முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு என்று சேர்த்தே பிடித்தால் நிற்கும்.

வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து இரண்டைப் பாருங்கள். மண் பையை அழுத்தினால் விரல் பதிய வேண்டும், கட்டியாக இருந்தால் பையில் ஓட்டை. அச்சின் முகப்பகுதியில் காற்றுக் குமிழிக் குழி இருந்தால் மாற்றிக் கேளுங்கள், உருவத்தின் மூக்கில் மரு மாதிரி வரும். மண் மட்டும் தனியாக விற்பதில்லை. தீர்ந்தால் செம்மண்ணை எடுக்காதீர்கள், பசை போதாது. கரிசல் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். குளத்து வண்டலை ஒரு நாள் ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செங்கல் மேல் பரப்பினால் பெட்டியில் வந்த மண்ணுக்கு இணையாகவே இருக்கும். பெட்டியை இரண்டாவது முறை வாங்க வேண்டியதில்லை.